லேடீஸ் யாரும் சேர்றதில்லீங்க

எங்கள் பனியன் கம்பெனியில் பாதி மிஷின்களைத் துணி போட்டு மூடி இரண்டு வாரம் ஆன பிறகு, எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். அமெரிக்காவில் வரியை ஏற்றிவிட்டார்கள், அங்கே போக வேண்டிய குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர் நின்றுவிட்டது என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யார் யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதுதான் தெரியாது. செக்கிங் டேபிள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதுகு சாய்கிற நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். பதினாறு வருடமாக முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்து தைத்தவள் நான். அன்று அந்த நாற்காலியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, என்னை அனுப்பப் போகிறார்கள் என்று.

சுவரில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. ‘நிச்சயமற்ற காலத்தில் நிறைவான புதிய வேலை.’ பயிற்சியாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். அந்தப் புழுக்கத்திலும் கோட்டுப் போட்டிருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இதைப் பிரச்சினையா பாக்காதீங்க, வாய்ப்பா பாருங்க” என்றார். எங்களை எழுந்து நின்று கைதட்டச் சொன்னார். தட்டினோம். எதற்கென்று தெரியாமல் ஓர் ஒடிசாப் பெண் கடைசிவரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ‘உங்கள் மனதுக்குப் பிடித்த வேலை எது? ஐந்து வருடம் கழித்து நீங்கள் யார்?’ பக்கத்தில் இருந்தவர்கள் என்ன எழுதுவதென்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘தையல் மிஷின் மெக்கானிக்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் தாள்களைப் புரட்டி, சிலவற்றை மைக்கில் படித்தார். என்னுடையது வந்ததும் நிறுத்திவிட்டுச் சிரித்தார். “இது யாரு? எந்திரிங்கக்கா.” எழுந்தேன். “மெக்கானிக்கா! சூப்பர். ஸ்பேனரெல்லாம் தூக்குவீங்களா?” கூடம் சிரித்தது. என் லைனில் என்னோடு வருடக்கணக்காகச் சோறு தின்றவர்களும் சிரித்தார்கள். “கனவு காணலாம்க்கா, ஆனா நமக்கு ஏத்த கனவா இருக்கணும். வீட்டுல இருந்தே பண்ணலாமே. மசாலாப் பொடி, ஊறுகாய், ஆரி வொர்க்… யோசிங்க.”

நான் உட்கார்ந்தேன். பிடித்த வேலை எது என்று கேட்டவர் அவர்தான். சொன்னதும், அது உனக்குப் பிடிக்கக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான். பிறகு எதற்கு அந்தத் தாள்? ஊறுகாய் போடுவதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் போடுகிற ஊறுகாயை என் வீட்டுக்காரரே தொட மாட்டார்.

எனக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள் நான். முதலில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை. பிறகு ஓவர்லாக் டெய்லர். ஓவர்லாக் என்பது இரண்டு துணியைச் சேர்த்து, ஓரத்தை வெட்டி, நூலால் சுற்றிக் கட்டுகிற மிஷின். நீங்கள் போட்டிருக்கிற பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தோளிலும் பக்கவாட்டிலும் அதன் வேலை தெரியும். அதன் வயிற்றுக்குள் லூப்பர் என்று ஒரு கொக்கி இருக்கிறது. ஊசி கீழே இறங்கி மேலே ஏறத் தொடங்கும் கணத்தில், அந்தக் கொக்கியின் முனை ஊசியை ஒட்டி உள்ளே நுழைந்து நூலைப் பிடிக்க வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப் போனால் தையல் விட்டுப்போகும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இது தப்பாமல் நடக்கிறது என்பது எனக்கு முதல் வருடத்திலிருந்தே ஆச்சரியம். மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் போல இருக்கும்.

திறக்க முடியாது. தையல் விட்டால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மெக்கானிக் வருவார். எங்கள் ஹெட் மெக்கானிக் டூல்ஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகியிருப்பார். வந்தால் நாங்கள் எழுந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தால், “என்ன, எக்ஸிபிஷனா?” என்பார். அவர் வரத் தாமதமானால் மணிக்கு இத்தனை பீஸ் என்கிற டார்கெட் குறையும். அதற்குத் திட்டு எங்களுக்குத்தான், அவருக்கு இல்லை.

ஒருநாள் ஷிப்மெண்ட் அவசரம். என் மிஷின் தையலை விட்டுக்கொண்டே இருந்தது. அவர் டீக்குப் போய்விட்டார். சத்தத்தை வைத்தே லூப்பர் லூசாகியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மூடியைத் திறந்து, கொக்கியைப் பழைய இடத்தில் நிறுத்தி முடுக்கினேன். மிஷின் தண்ணீர் மாதிரி ஓடியது. அவர் வந்து பார்த்தார். நேராக ஆபீசுக்குப் போனார். என்னை டைம் ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்து, ‘இனிமேல் மிஷினைத் தொட மாட்டேன்’ என்று எழுதி வாங்கினார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, போய் அதே மிஷினில் உட்கார்ந்து சாயங்காலம் வரை தைத்தேன். அந்த வாக்கியத்தில் இருக்கிற அபத்தம் அங்கே யாருக்கும் தெரியவில்லை. தொடாமல் எப்படித் தைப்பதாம்?

வகுப்பு நடந்து பத்தாம் நாள், ஹெச்.ஆர். பெண் என்னைக் கூப்பிட்டாள். காங்கேயம் பக்கத்துப் பெண், நல்ல பிள்ளை. “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்போதைக்கு ஊட்ல இருங்க. ஆர்டர் வந்தவொடனே மொத ஆளா உங்களத்தானுங்க கூப்பிடுவோம்.”

“எப்பம்மா வரும்?”

“அது எங்களுக்கே தெரியலீங்களேக்கா.”

இந்த ஊரில் யாரும் யாரையும் ‘போ’ என்று சொல்ல மாட்டார்கள். ‘ங்க’ போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கும்பிட்டு அனுப்புவார்கள். வந்த புதிதில் அந்த மரியாதையில் நான் சொக்கிப்போயிருக்கிறேன். அன்று அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும் எரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களைப் போல முகத்துக்கு நேராக, ‘வேலை கிடையாது, கிளம்பு’ என்றிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கும்பிட்டவளிடம் என்ன கேட்பது?

வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை. அவருக்கும் அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்தது. மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா? எல்லாக் கம்பெனியும் மூடுத நேரத்துல மிஷின் ரிப்பேர் படிக்கப் போறியாக்கும்? டூல்ஸ் பையத் தூக்கிக்கிட்டுக் கம்பெனி கம்பெனியா அலைவியா?”

“கம்பெனி மூடுனா மிஷின் எங்க போவும்? அத வாங்குதவன் ஓட்டணும்லா? ஓட்டுனா ரிப்பேர் ஆவும்லா?”

“நாலு பேரு என்ன சொல்லுவான்?”

“அந்த நாலு பேரும் எனக்கு வேலை தரட்டும், நான் சும்மா இருக்கேன்.”

இரண்டு நாள் பேச்சில்லை. அந்த இரண்டு நாளில்தான் நான் உட்கார்ந்து திட்டம் போட்டேன். ஒரு பழைய நோட்டில் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் எனக்குத் தெரிந்தது, மறுபக்கம் தெரியாதது. நூல் இறுக்கம், ஊசி நம்பர், எந்தத் துணிக்கு எந்த முனை, சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது – தெரியும். மோட்டார், பெல்ட், கரெண்ட், பனியனின் கீழ்மடிப்பைத் தைக்கிற பேட்லாக் மிஷினின் உள்வேலை – தெரியாது. தெரிந்த பக்கம் நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. பதினாறு வருடமாக ஒருவரும் கேட்காததால் எனக்கே தெரியாமல் போயிருந்தது. வருத்தத்தைவிட அதில் கோபம்தான் எனக்கு அதிகம்.

மறுவாரம் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். வேலை போனவர்களுக்கு இலவசப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மேஜையில் இருந்தவர் என்னைப் பார்த்ததுமே ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் கொடுத்தார். “டெய்லரிங்ங்களா, பியூட்டீசியனுங்களா?”

“தையல் மிஷின் மெக்கானிக் கோர்ஸ் இருக்குன்னு போட்டிருக்கே சார்.”

“இருக்குதுங்க. ஆனா அதுல லேடீஸ் யாரும் சேர்றதில்லீங்க.”

“நான் சேருதேன்.”

“அதில்லீங்க, அது பின்னால ஷெட்டுல நடக்குதுங்க. அங்க லேடீஸ் டாய்லெட் இல்லீங்க.”

“டெய்லரிங் எங்க நடக்கு?”

“இந்தக் கட்டடத்துலதானுங்க.”

“இங்க டாய்லெட் இருக்கா?”

“இருக்குதுங்க.”

“ஷெட்டுல இருந்து இங்க நடந்து வரக் கூடாதா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க. ஆனா ரூல்ஸ் அப்படீங்க. டெய்லரிங்ல சேந்துக்குங்க, நல்லா சொல்லிக் குடுப்பாங்க. மூணு மாசத்துல தைக்கக் கத்துக்கலாம்.”

நான் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்! எனக்கு மூன்று மாதத்தில் தைக்கச் சொல்லிக் கொடுப்பார்களாம். பெண்களுக்கு ஏன் இந்த வேலை தெரியவில்லை என்று கேட்டால் அவர்கள் சேர்வதில்லை என்கிறார்கள். ஏன் சேர்வதில்லை என்றால் கழிப்பறை இல்லையாம். ஏன் கழிப்பறை கட்டவில்லை என்றால் பெண்கள் சேர்வதில்லையாம். பாரத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மாதங்களில் திருப்பூரில் ஒரு வியாபாரம் மட்டும் ஓகோவென்று நடந்தது. பழைய மிஷின் வியாபாரம். பவர் டேபிள் என்று சொல்கிற சின்னச் சின்னத் தையல் யூனிட்டுகள், பெரிய கம்பெனிகளிடம் வேலை வாங்கித் தைத்துக் கொடுப்பவை, ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. அந்த மிஷின்களை வாங்கிச் சரிபார்த்து விற்கிற குடோன் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டாப்பில் இருந்தது. நேராகப் போய், வேலை இருக்கிறதா என்று கேட்டேன். முதலாளி உள்ளூர்க்காரர், வயதானவர்.

“இங்க தைக்கற வேலை இல்லீங்களே அம்மணி.”

“தைக்க வரலைங்க. மிஷின் தொடைக்க வந்திருக்கேன்.”

மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள வந்தேன் என்று சொல்லவில்லை. இரண்டு இடத்தில் சிரிப்பும் கும்பிடும் வாங்கியாகிவிட்டது. அங்கே வருகிற மிஷின்களுக்குள் வருடக்கணக்கான பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பிக்கிடக்கும். அதைச் சுரண்டி எடுக்க ஆள் வேண்டியிருந்தது. சேர்த்துக்கொண்டார்.

முதல் வேலையாக மிஷின் தலையில் ஒட்டியிருப்பதை எல்லாம் தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கெட்டியாகிப் போயிருந்தன. வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒன்று. பாஸ்போர்ட் சைசில் ஒரு குழந்தையின் போட்டோ. எல்லாவற்றையும்விட அதிகம் ஸ்டிக்கர் பொட்டுகள்தான். வேர்த்து நெற்றியிலிருந்து நழுவுகிற பொட்டை மிஷின் தலையில் ஒட்டி வைத்துவிட்டு, வேண்டும்போது அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஒரு மிஷினில் ஒன்பது பொட்டுகள் வரிசையாக இருந்தன. அந்தப் பெண் கடைசி நாள் எதையும் எடுக்காமல் கிளம்பியிருக்கிறாள். ‘நாளைக்கு வரலாம்’ என்று நினைத்துப் போனவளாகத்தான் இருக்க வேண்டும். ஒன்பதையும் பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். ஒரு வகுப்பு எடுத்துக் கைதட்ட வைக்கத் தெரிந்தவர்களுக்கு, நாளை முதல் வர வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லத் தெரியவில்லை.

குடோனில் ஒரே ஒரு மெக்கானிக். பீகார்க்காரர். என் வயதுதான் இருக்கும். திருப்பூருக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். ஒரு வாரம் நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள், தான் சரிசெய்த ஓவர்லாக்கில் ஒரு துண்டுத் துணியை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். “ஓகே.”

“ஓகே இல்லைங்க” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. “நேரா ஓடுது. வளைவுல விடும்.”

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து ஸ்டூலைத் தள்ளினார். நான் உட்கார்ந்து, ஒரு கைப்பட்டியை வளைத்து ஓட்டிக் காட்டினேன். வளைவில் மூன்று தையல் விட்டிருந்தது. அவர் துணியை விரலில் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது என்னைக் கேலி செய்த சிரிப்பு இல்லை.

“அக்கா, நான் மிஷின் நிறைய திறந்தேன். ஒரு பனியன் தைச்சது இல்லை.”

அப்படித்தான் தொடங்கியது. நான் ஓட்டிப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்வேன். அவர் திறந்து ஏன் இடிக்கிறது என்று காட்டுவார். மூன்றடி தள்ளி நிற்கச் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தார். “ஊசி உடைஞ்சா பரவால்ல. பயம் வேணாம். இங்க பார், ஊசி மேல வருது, இப்போ லூப்பர் உள்ள போகணும். முன்னாடி போனா தப்பு, பின்னாடி போனா தப்பு.” சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். இத்தனை வருடம் மூடிக்குப் பின்னால் நடந்தது என் கண்ணெதிரே நடந்தது. கொக்கியின் முனை ஊசியை உரசாமல், ஆனால் ஒட்டிக்கொண்டே நுழைந்து நூலை எடுத்துக்கொண்டு போனது. நான் அந்தச் சக்கரத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று தெரியாது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுத்த நிமிஷமே ஆத்திரம். இவ்வளவுதானா? இதைக் காட்டுவதற்கா ஒருவர் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார்?

ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. ஊசி குத்தாத விரல் இல்லை. ஒரு தடவை பெல்ட்டில் துப்பட்டா மாட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து வீட்டுக்காரரின் பழைய சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு போனேன். அவர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் தெரியாத பக்கத்தில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன்.

தீபாவளி முடிந்து பீகார்க்காரர் சத் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பவர் டேபிளிலிருந்து குடோனுக்குப் போன் வந்தது. பேட்லாக் மிஷின் நின்றுவிட்டது, உடனே ஆள் வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். “அம்மணி, போய்த்தான் பாருங்களேன்.”

யூனிட் வாசலில் ஓனர் நின்றிருந்தார். நான் ஸ்கூட்டியிலிருந்து இறங்கியதும் எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

“மெக்கானிக் வல்லீங்களா?”

“நாந்தாங்க.”

என் எதிரிலேயே போனை எடுத்தார். “ஏனுங்க, ஆளு கேட்டா ஒரு பொம்பளயத் தாட்டி உட்டிருக்கறீங்க? எனக்கு நாளைக்கு டெலிவரிங்க!” மறுமுனையில் என்ன சொன்னார்களோ, கடைசியில், “சரி, வந்ததுக்குப் பாருங்க. எதையாச்சும் ஒடச்சுப் போடாதீங்க” என்று வழிவிட்டார்.

உள்ளே எட்டுப் பெண்கள் மிஷினில் இருந்தார்கள். எல்லாரும் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூடியைத் திறந்தேன். லூப்பரின் முனை மழுங்கி, மூன்று ஊசியில் ஒன்று அதில் இடித்துக்கொண்டிருந்தது. யாரோ முன்பு சரியாகப் பார்க்காமல் முடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். புதிய லூப்பரைப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி ஊசியாக இடைவெளி பார்த்தேன். ஓனர் என் தலைக்கு மேலேயே நின்றார். “மூணடி தள்ளி நில்லுங்க” என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஓட்டினேன். கீழ்மடிப்பு ஒரு தையல்கூட விடாமல் வந்தது. ஓனர் துணியை இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். பிறகு, “அவரு போன்ல சொல்லிக் குடுத்திருப்பாருங்க, இல்லீங்களா?” என்றார். என் போன் ஸ்கூட்டி டிக்கியில் கிடந்தது.

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண், “அக்கா, எம் மிஷினையும் பாக்கறீங்களா? நாலு நாளா சொல்லிட்டிருக்கறேன், யாரும் பாக்க மாட்டீங்கறாங்க” என்றாள். அப்புறம் இன்னொருத்தி. ஓனர் முனகினார். நான் காதில் வாங்கவில்லை. ஒவ்வொருத்தியிடமும் எங்கே இடிக்கிறது, எப்போது சத்தம் மாறுகிறது என்று கேட்டேன். எந்த மெக்கானிக்கும் தங்களிடம் இப்படிக் கேட்டதில்லை என்றார்கள். சாயங்காலம் கிளம்பும்போது அந்த எட்டு மிஷினின் சத்தமும் வாசல் வரை ஒரே சீராகக் கேட்டது. அந்த வாரமே அடுத்த தெரு யூனிட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னது ஓனர் இல்லை, அங்கே தைக்கிற பெண்கள்.

ஆர்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கியபோது பழைய கம்பெனியிலிருந்து ஹெச்.ஆர். பெண் பேசினாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். “அக்கா, ஓவர்லாக்குக்கு ஆள் வேணுங்க. வாங்க.”

“மெக்கானிக்கா எடுப்பியளா? வாரேன்.”

“அந்த போஸ்ட்டுக்கு லேடீஸ் எடுக்கறதில்லீங்களேக்கா.” பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “நீங்க மெக்கானிக் ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டமுங்க. ரொம்பப் பெருமையா இருக்குதுங்க. அடுத்த மாசம் வெளிநாட்டுப் பையருங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. நம்ம பயிற்சியில படிச்சு வாழ்க்கை மாறினவங்கன்னு உங்க போட்டோ போட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொல்லலாம்னு சார் சொன்னாருங்க” என்றாள்.

“பேசுதேன். ஆனா உள்ளதத்தான் பேசுவேன். என்னை எந்திரிக்க வச்சுச் சிரிச்சத, டைம் ஆபீஸ் வாசல்ல எழுதி வாங்குனத, எல்லாத்தையும் சொல்லுவேன். சரியா?”

“சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேனுங்கக்கா.”

இன்று வரை சொல்லவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் சம்பளத்துக்குப் பேசுகிறவள்தான். ஆனால் என் உழைப்பை எடுத்துத் தங்கள் சுவரில் ஆணியடிக்கப் பார்த்தார்களே, அதை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

இப்போது நான் குடோனில் பாதி நாள், வெளியே பாதி நாள். பத்துப் பன்னிரண்டு யூனிட்டுகள் என்னைத்தான் கூப்பிடுகின்றன. நாளை மறுபடி வரி ஏறலாம், நூல் விலை ஏறலாம், எல்லாம் நிற்கலாம். நிறைவான வேலையா என்று கேட்டால், ஆமாம். பயமில்லாத வேலையா என்றால், இல்லை.

ஒரு தொல்லை மட்டும் தீரவே இல்லை. புதியவர்கள் போன் செய்து என் குரலைக் கேட்டதும், “மெக்கானிக் அண்ணன்கிட்ட குடுங்கம்மா” என்பார்கள். நான்தான் என்றால் வைத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் நானே, “அவரு வெளிய போயிருக்காரு, என்ன கம்ப்ளெய்ண்ட்னு சொல்லுங்க” என்று பொய் சொல்லி வேலையைப் பிடித்திருக்கிறேன். அதை எழுதவே கூசுகிறது.

போன மாதம் ஒரு காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீட்டுக்காரர் எடுத்தார். குளியலறைக் கதவு வழியாக அவர் பேசுவது தெளிவாகக் கேட்டது. “நான் இல்லைங்க. மெக்கானிக் குளிச்சிக்கிட்டு இருக்காவ. பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க.”

‘இருக்காவ’ என்றார். எங்கள் ஊரில் மாமனாருக்கும் வாத்தியாருக்கும் சொல்கிற மரியாதை அது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. தலையில் தண்ணீர் ஊற்றாமல் சொம்பைப் பிடித்தபடி நின்றேன். சரியாகப் பத்து நிமிஷம் கழித்து அதே ஆள் போன் செய்து, “மெக்கானிக்குங்களா?” என்று மரியாதையாகக் கேட்டு, மிஷினின் கோளாறைச் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பும்போது ஆத்திரமாகவும் இருந்தது. நான்தான் மெக்கானிக் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும் நம்பாத ஊர், ஓர் ஆம்பளைக் குரல் ஒரு தடவை சொன்னதும் நம்பிவிட்டது.